அடிநிழலும் அரைக் கோப்பையும்

ஜூன் 4
விமான மாடலின் இடது இறக்கைக்கு இன்று ப்ரீஷேடிங், அதாவது அடிநிழல். தகடுகள் கூடும் கோடுகளின்மேல், காற்றோடு பெயின்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷால் முதலில் கறுப்பு. அது காய்ந்ததும் மேலே மெல்லிய சாம்பல். கறுப்பு முழுக்க மறையவும் கூடாது, முழுக்கத் தெரியவும் கூடாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அழுக்கை முதல்ல பூசிட்டு அப்புறம் மறைப்பீங்களா? இதுக்கு எதுக்கு விமானம்? நம்ம சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போனாலே பார்க்கலாமே."

அரைக் கோப்பைத் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். சில வாரங்களாகவே அரைதான். சிக்கன நடவடிக்கை அமலுக்கு வந்திருக்கிறது. அறிவிப்பு மட்டும் வரவில்லை.

ஜூன் 5
கோடு நெளிகிறது. குற்றவாளி, காற்றுத் தரும் கம்ப்ரசர்.

ஜூன் 6
கம்ப்ரசர் நிரபராதி. ஏர்பிரஷ் ஊசியும் நிரபராதி. மிச்சமிருப்பது என் வலது கை. விசாரணையை ஒத்திவைத்தேன்.

ஜூன் 9
மாடல் சங்கத்தின் செயலாளர் வந்தார். இறக்கையைக் கண்ணருகே பிடித்தார்.

"வேணும்னேதான சார் இப்படி நெளிச்சு அடிச்சிருக்கீங்க?"

"பின்ன? நேரா அடிச்சா செஸ் போர்டு மாதிரில்ல இருக்கும்."

அசந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் செய்துகாட்டச் சொன்னார். சரி என்றேன். ஏன் சொன்னேன்? நாக்கு மட்டும் நடுங்கவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 12
பிளாஸ்டிக் கரண்டிகளில் ஒத்திகை. எல்லாவற்றிலும் புழு ஊர்ந்த தடம். கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல் வரும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 13
சாம்பல் பூச்சு. நெளிவுகள் உள்ளே அமுங்கி, மழையும் வெயிலும் பட்ட தகடுபோல ஆகிவிட்டன. நான் செய்ததில் இது ஒன்றுதான் யாரோ ஓட்டிய விமானம்போல இருக்கிறது. இன்னொரு பூச்சு அடித்தால் எதுவுமே தெரியாது. அடிக்கலாமா என்று நின்றபோது தேநீர் வந்தது. அரை.

"முழுசா ஊத்தினா குறைஞ்சா போயிடுவோம்?" என்றேன்.

"முழுசா ஊத்தினா பாதி சட்டைக்குத்தான் போகுது."

ஏர்பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"உங்க சட்டையெல்லாம் யாரு துவைக்கிறது? நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்ற வழியக் காணோம். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் கேட்டிருக்கேன்."

கடைசிப் பூச்சு அடிக்கவில்லை.

ஜூன் 18
டாக்டர் தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்; சங்கத்தில் யாரும் என் வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நடுக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார். ஆளைக் கொல்லாதாம், கூடவே இருக்குமாம். சொந்தக்காரர்கள் மாதிரி. மாத்திரை கொடுத்திருக்கிறார்.

ஜூன் 21
கூட்டம். காய்ச்சல் வரவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, "வேணும்னு நெளிக்கல. கை நடுங்குது," என்று சொல்லிவிட்டு அடித்தேன். செயலாளர்தான் கேட்டார்: "அப்போ நடுங்காதவங்க என்ன சார் பண்றது?"

ஜூன் 22
வலது இறக்கை தொடங்கியாயிற்று. தேநீர் வந்தது, அரை. குடித்து முடித்தேன். மனைவி போகவில்லை. கெட்டிலோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மீதி அரையை ஊற்றினாள்.