ஆற்றை வரைந்தவள்

நேற்று அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்காகப் பாளையங்கோட்டையில் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரின் பின்புறமிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. நாம் வேலை பார்த்த அந்த மாடி அறையில், காலையில் நான்கு மானிட்டர்களையும் போட்டதும் இதே வாசனைதான் வரும். நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைத் திறப்பாய்.

உன்னிடம் சொல்ல வேண்டியதை இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன். இப்போது நீ இல்லை. இருந்தாலும் உனக்குத்தான் எழுதுகிறேன், வேறு யாருக்கும் இது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நீயும் நானும் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர், தன் கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு வெப்சைட் வேண்டும் என்று வந்தார். அதுவரை அப்படிக் கேட்டு யாரும் நம்மிடம் வந்ததில்லை. எனக்கு நிரல் எழுத வரும். உனக்கு வரைய வரும். சரி என்று ஒத்துக்கொண்டோம்.

அவர் வாழைக்குத் தண்ணீர் கொடுக்கும் நம் ஆற்றையே வரையலாம் என்று நீ ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு படித்துறையாகப் போய் வரைந்துகொண்டு வந்தாய். குறுக்குத்துறைக்கு மட்டும் நானும் கூட வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நீ படிகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.

"எத்தன படி இருந்தா என்னட்டி? அது ஸ்கிரீன்ல நகக்கண்ணு அளவுக்குத்தான தெரியும்" என்றேன்.

"எண்ணாம வரைஞ்சா எனக்குப் பொய் சொல்லுத மாதிரி இருக்கு" என்றாய்.

பிறகு மூன்று வாரம், மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக அந்த ஆற்றைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாய். இடது ஓரத்தில் மலை, வலது ஓரத்தில் கடல். நடுவில் ஆறு. ஒவ்வொரு படித்துறையையும் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். ஸ்ரீவைகுண்டத்து அணையைத் தொட்டால் வியாபாரியின் தோட்டம். புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தைத் தொட்டால் முகவரி. அப்படி ஒரு வெப்சைட்டை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வியாபாரிக்குப் பிடிக்கவில்லை. "யம்மா, இது சின்னப்பிள்ள படம் வரைஞ்ச மாதிரில்லா இருக்கு. துபாய்ல இருக்க என் மச்சான் பாத்தாம்னா சிரிப்பான்" என்று சொல்லி, வெளிநாட்டுப் பழக் கம்பெனி ஒன்றின் பக்கத்தை அச்செடுத்ததைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். "இத அப்படியே போட்டு, பேர மட்டும் மாத்திருங்க."

அவர் போன பிறகு நீ நாற்காலியைப் பின்னால் தள்ளினாய். "அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சத நாம செஞ்சோம்னு சொல்லணும். எனக்கு முடியாதுட்டி. நீ வேணா செய்யி."

நான் செய்தேன். அந்தக் கம்பெனிப் பக்கத்தின் நிரலை எடுத்து, பெயரை மாற்றி, படங்களை மாற்ற ஒரு பகல்கூட ஆகவில்லை. வியாபாரி ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நீ ஒரு பழம்கூடத் தொடவில்லை. உன் ஆறு ஒரு பிளாப்பியில் கிடந்தது.

மறு வருடம் சென்னையில் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. என்னிடம் காட்ட எதுவும் இல்லை. அந்த பிளாப்பியை எடுத்துக்கொண்டு போனேன். உன்னிடம் கேட்கவில்லை. நிரல் என்னுடையதுதானே என்று ரயிலில் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

"இது நீங்களே வரைஞ்சதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஆறு ஏன் இடமிருந்து வலமாகப் போகிறது என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் அது மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, படிக்கிறவர் கண்ணும் அப்படித்தான் போகும் என்றேன். அதுவும் நீ சொன்னதுதான். வேலை கிடைத்தது. கம்பெனி தன் இணையதளத்திலேயே அந்த ஆற்றை என் பெயர் போட்டு வைத்தது.

ஆறு மாதம் கழித்து அலுவலகத்துக்கு உன் போன் வந்தது. பெங்களூரில் ஒரு வேலைக்குப் போயிருக்கிறாய். உன் ஆற்றை அச்செடுத்துக் கொண்டுபோயிருக்கிறாய். அவர்கள் உன் கண்முன்னாலேயே எங்கள் கம்பெனித் தளத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

"காப்பி அடிச்சுட்டு வந்திருக்கியளான்னு கேக்காங்கட்டி." உன் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நான் வரைஞ்சதுன்னு நாலு வரி எழுதி அனுப்பு. ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க."

"இன்னைக்கே அனுப்புதேன்" என்றேன்.

என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. தினமும் எழுத உட்காருவேன், மானேஜர் முகம் நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன். ஒன்பதாவது நாள்தான் தபாலில் சேர்த்தேன். அதிலும் என்ன எழுதினேன்? இருவரும் சேர்ந்து செய்தது என்று எழுதினேன்.

கடிதம் கிடைத்த அன்று நீ மறுபடி கூப்பிட்டாய். "சேந்தா செஞ்சோம்?" என்று கேட்டாய். அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. "சரிட்டி. போன் பூத்துல ஆளு நிக்காங்க. வைக்கட்டா?" என்றாய்.

பெங்களூர் வேலை உனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நீ வெப்சைட் பக்கமே போகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சரானாய். உன் கல்யாணத்துக்கு வந்தேன். கூப்பிடமாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் பத்திரிகை வந்தது. மேடையில் உன் மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டி, "இவ புரோகிராம் எழுதுவா, நான் படம் வரைவேன். சென்டர்ல ஒண்ணா வேல பாத்தோம்" என்றாய். அவ்வளவுதான். யார் எதைச் செய்தோம் என்பதை அத்தனை பேர் நடுவில் சரியாகச் சொல்லிவிட்டாய். நான் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன்.

போன மழைக்காலத்தில் உன் வீட்டுக்காரர் போன் செய்து, நோய் முற்றி நீ போய்விட்டாய் என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லி வராமல் இருந்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இன்று காலை இங்கே ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை அறிமுகம் செய்த பேராசிரியர், "நம்ம ஆத்த முதல்முதலா கம்ப்யூட்டர்ல வரைஞ்சவங்க இவங்கதான்" என்றார். முந்நூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். என் வேலையை இனி யாரும் பறிக்கப்போவதில்லை. கேட்க நீயும் இல்லை. இல்லை சார், அது என் தோழி வரைந்தது என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.