ஹெவெல் என்றால் சூரியன்

தாஷ்கண்ட்
9.1.1996

அன்பு மச்சான் அருள்நாயகம்,

இங்கே எலும்பு நடுங்கும் குளிர், மற்றபடி சுகம். யோகராணியும் பிள்ளைகளும் எப்படி?

ரொறன்ரோப் பத்திரிகையில் கொடு என்று உனக்கு அனுப்பிய, சூரியனுக்கான சொற்கள் பற்றிய என் கட்டுரை வந்ததா? ஆறு மாதமாக ஒரு வரியும் இல்லையே, கள்ளா! துருக்கியரின் குனெஷ், கசாக்கியரின் குன் இரண்டும் ஒரே வேர் என்று துணிந்து சொல்லலாம். உஸ்பெக்கியரின் குயோஷுக்கும் வொல்கா நதிக்கரைச் சுவாஷியரின் ஹெவெலுக்கும் வேர் எது? "எனக்குத் தெரியாது" என்றே முடித்திருந்தேன். ஹெவெல் என்ற சொல்லை எனக்குச் சொல்லித்தந்த, எங்கள் விடுதியின் சுவாஷ் தாதி, "என் சொல் அச்சில் வந்ததா?" என்று கிழமைதோறும் கேட்கிறாள். ஒரு பிரதி அனுப்படா.

உன்
அன்புராசா

மல்வேர்ன்
ரொறன்ரோ
4.2.1996

அன்புராசா,

வந்தது மச்சான், போன ஒக்டோபரில். என் பெயரில்.

முதலில் உன் பெயரோடுதான் கொண்டுபோனேன். ஆசிரியர், "தெரியாது எண்டு முடிச்சா ஆர் அண்ணை வாசிக்கிறது?" என்றார். அந்த வரியை வெட்டினேன். நான்கு சொல்லும் தமிழிலிருந்து போனவை என்று எழுதினேன். பிறகு, உன் பெயரில் பொய் போகக்கூடாது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லி, என் பெயரைப் போட்டேன். பாடசாலை மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் இனித்தது, உன்னிடம் ஏன் ஒளிப்பான்?

உன் கடிதத்தை யோகராணி வாசித்துவிட்டாள். "உங்களுக்கு வெக்கமில்லையே?" என்றாள். அன்று முதல் சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடு.

அருள்

தாஷ்கண்ட்
1.3.1996

அருள்,

பெயரை எடுத்தாய், போகட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தானே எட்டு வருடம் இங்கே கிடந்து படித்தேன்? அதையல்லவா வெட்டினாய்! தாதிக்கு என்ன சொல்வேன்? நீ செய்ததை அதே பத்திரிகையில் உள்ளபடி எழுது. அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

அன்புராசா

மல்வேர்ன்
20.4.1996

அன்புராசா,

திருத்தம் வந்துவிட்டது. வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பெயரும் உன் கடைசி வரியும் தாதியின் சொல்லும் இருக்கின்றன. அவளுக்குக் காட்டு.

மேலே "அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்" என்று இருக்கும். அது ஆசிரியர் வேலையல்ல, நான் கேட்டுப் போடுவித்தது. மூன்று முறை உள்ளபடி எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நேற்றுக் கோயிலில் ஒருவர், "அச்சுக்காரன்ரை பிழையையும் நீங்களே திருத்திறியள், பெரிய மனசு அண்ணை!" என்று கை கூப்பினார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. பதில் போடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

அருள்நாயகம்