தொடக்கூடாத பாத்தி

ஜனவரி 20, திங்கள்

பச்சையப்பன் ஐயாவின் வெண்டைக் கொல்லையில் இன்று முதல் எண்ணிக்கை. கம்பிச் சட்டத்தை வீசிப் போட்டு, உள்ளே எத்தனை கோரை, எத்தனை சாரணை என்று களைகளை எண்ண வேண்டும். களைக்கொல்லி அடித்த பாத்திகளில் எண்ண ஒன்றுமில்லை. ஆள் வைத்துக் களையெடுத்தவையும் சுத்தம். ஒன்றுமே செய்யாமல் விட்ட மூன்று பாத்திகளில்தான் இடுப்பு ஒடிந்தது. ஆனால் அந்த மூன்றோடு ஒப்பிட்டால்தான் மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று சொல்ல முடியும். வெங்காயத்துக்கு ஏற்கெனவே விற்கிற மருந்துதான். வெண்டைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எங்கள் கம்பெனிக்குத் தெரிய வேண்டும்.

களையெடுக்கும் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. டிப்ளமோ படித்த மகள் கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு எண்ணுகிறாள், அம்மா சின்னப்பொண்ணு அதே கொல்லையில் குந்திப் பிடுங்குகிறாள். நல்ல குடும்பம்!

கம்பெனியிலிருந்து பார்க்க வந்த சரவணகுமார் சார் கிளம்பும்போது, “இந்த டிரயல் ஒழுங்கா முடியட்டும் ஏஞ்சல், உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே பேசறேன்” என்றார். ஸ்தோத்திரம்.

ஜனவரி 29, புதன்

மூன்று பாத்திகளிலும் புல் முட்டி உயரம். சிவப்புக் கொடி நட்டேன். அம்மாவிடம் மறுபடியும் சொன்னேன், யார் சொன்னாலும் இதில் கை வைக்கக் கூடாது என்று. “சும்மா பாத்துக்கினு போவ முடியலடி, கை அரிக்குது” என்றாள். இருவரும் சிரித்தோம்.

ஐயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ரோட்ல போறவன்லாம், இன்னா பச்சையப்பா, இந்த வாட்டி பில்லு பயிரு வெச்சிக்கிறியான்றான்.” இன்னும் கொஞ்ச நாள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

திருவள்ளூர் ஆபீசில் மீட்டிங். ரயில் மாறி மாறி உட்கார்ந்தே நாள் போயிற்று.

பிப்ரவரி 10, திங்கள்

மூன்று பாத்தியும் மொட்டை.

கொடி மட்டும் நிற்கிறது. வேரோடு பிடுங்கி, வரப்பில் போட்டு, காய்ந்தே போய்விட்டது. இரண்டாம் எண்ணிக்கை இந்த வாரம். எதை எண்ணுவது?

ஐயாவின் மகள் காயத்ரியை நேற்று பெண் பார்க்க வந்தார்களாம். நிலத்தையும் பார்ப்பார்கள் என்று சனிக்கிழமையே ஆள் விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார். ஆள் யார்? என் அம்மா.

“உனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும்டி.”

“தெரிஞ்சுமா?”

“அவரு வந்து தலமாட்டுல நின்னுக்கினு புடுங்குன்றாரு. நான் இன்னான்னு சொல்றது?”

“முடியாதுன்னு சொல்றது! எம் பொண்ணு வேல பூடும்னு சொல்றது! வாயில்ல உனக்கு?”

குழம்புச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். சனிக்கிழமையே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பயமாம். அவரப் பாத்தாலும் பயம், என்னப் பாத்தாலும் பயம். அப்ப யாருதான் இவளுக்கு மனுஷங்க?

பிப்ரவரி 11, செவ்வாய்

ஐயாவைக் கேட்டே விடுவது என்று போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன் – எழுதிக் கொடுத்துத்தானே இடம் விட்டீர்கள், என் பிழைப்பு என்ன ஆவது என்று.

அவர் ஈசி சேரில் இருந்தார். நான் வாசலில் நின்றேன். “கோச்சிக்காதம்மா. நல்ல காரியம் பாரு. காடாட்டம் கெடந்தா பையனூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்கோ? பில்லுதான, திரும்பி மொளைக்கும்” என்றார்.

நான் சொன்னது: “பரவால்லங்க ஐயா.”

பரவால்லையாம்! அம்மாவைக் கிழித்த வாய் அங்கே எங்கே போனது? டிப்ளமோ எங்கே போனது? அவளாவது அவரிடம் கூலி வாங்குகிறாள். எனக்கென்ன பயம்?

பிப்ரவரி 12, புதன்

சாருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்த மூன்று பாத்தி இல்லாமல் மற்றவை எதற்கும் அர்த்தமில்லை, இந்த இடத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிட வேண்டியதுதான் என்றார். அப்புறம், “புடுங்குனது உங்கம்மாதானா?” என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கான்ட்ராக்ட் முடிந்தது. நீட்டிக்கவில்லை. தொப்பியைத் திருப்பிக் கேட்டார்கள்.

மார்ச் 17, திங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் செக்ஷன். நாளெல்லாம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடிப்பது. இதற்கு டிப்ளமோ தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் தமிழ்செல்வி பி.எஸ்சி.

அம்மாவும் நானும் பேசுவது, சாப்பிட்டியா, கதவு சாத்தினியா, அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்தபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேட்காமலே சொன்னாள்.

மருந்தடித்த பாத்திகள் கடைசிவரை சுத்தமாக இருந்ததை ஐயா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்தப் போகம் கொல்லை முழுக்க வெண்டை, முழுக்க மருந்து. களையெடுக்க ஒருத்தரும் வேண்டாமாம். அம்மாவை அழைத்தது வேறு விஷயத்துக்கு. ஏஞ்சலுக்குத்தான் அளவெல்லாம் தெரியுமே, வந்து கலக்கி அடித்துக் கொடுக்கச் சொல் என்று.

“நீ இன்னா சொன்ன?”

“எம் பொண்ணு வராதுன்னுட்டேன்.”

“அவருகிட்டயா?”

“மூஞ்சிக்கு நேராத்தான். அப்ப நீயும் இந்தப் பக்கம் வராதன்னாரு. சரின்னுட்டு வந்துட்டேன்.”

இதைப் பிப்ரவரியில் சொல்லியிருந்தால் – வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். இரண்டு தட்டில் சோறு போட்டேன். எங்கள் பேக்டரியில் பெருக்கித் துடைக்க ஆள் எடுக்கிறார்கள், நாளைக்கு என்னோடு வா, கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“அங்க எப்பிடிடி நடந்துக்கணும்?”

“சொல்றத செய்யணும்மா,” என்றேன். “எதுத்துப் பேசக் கூடாது.”