மூன்று தடவை திறந்த வேதம்

என் பிரியமான சிநேகிதிக்கு,

இன்று விடியற்காலை மழை விட்ட பிறகு ரப்பர் மலைக்குப் போனேன். நனைந்த பட்டையின் அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நீ மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஈர மரத்தைக் கண்டால் எனக்கு முதலில் வருவது உன் ஞாபகம்தான், அதற்குப் பின்னால் என் வெட்கம்.

நான் கங்காணியான புதுசு அது. நம் தோட்டத்தில் அதுவரை பொம்பளைக் கங்காணி கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று நான் பேர் வாசித்தால் ஆம்பளைகள் வேண்டுமென்றே இருமுவார்கள். நிறையப் பால் சேர்த்துக் காட்டி அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்ற வெறியில், மழை விட்டும் விடாத ஒரு காலையில் நீ பால் வெட்டும் மரங்களிடம் வந்து, "வெட்டு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஈரப் பட்டையில் கத்தி வைக்கக் கூடாது என்பது நேற்று வேலைக்கு வந்தவளுக்கும் தெரியும். நீ பட்டையைத் தடவிப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "கங்காணியம்மா சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே வெட்டினாய். மற்றவர்களிடம் நான் போவதற்குள் மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. வெட்டச் சொன்னது நான் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு வாரத்தில் வெட்டிய இடமெல்லாம் கறுத்து அழுகியது. தோட்டச் சட்டத்தை மீறி வெட்டியதாக உன் மேல் விசாரணை வைத்தார்கள். வேலை போகலாம் என்று ஆபீஸ் கிளார்க்கே சொன்னார். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த நீ, யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ சொல்லாததற்கு நட்பு காரணம், நான் சொல்லாததற்குப் பயம். பதவி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் வேதத்தை எடுத்துக்கொண்டு உன் லயத்து வீட்டுக்கு வந்தேன். கண்ணை மூடித் திறந்து, விரல் வைத்த இடத்தில் இருக்கும் வசனமே ஆண்டவர் தரும் பதில் என்று நம் சபை ஆட்களில் பாதிப் பேர் நம்புவோம். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசவும் அப்படித்தான், கொழும்புக்கு வேலைக்கு அனுப்பவும் அப்படித்தான். நீ மட்டும் தினமும் விட்ட இடத்திலிருந்து ஒரு அதிகாரம் வாசித்துவிட்டு, "இதுல இன்னைக்கு எனக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்பாய். பைப்படியில் உன் குடத்தை எட்டி உதைத்தவளுக்கு மறுநாள் நீ தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் அப்படி வாசித்த ஒரு பக்கத்தால்தான். எனக்கு அவள் மேல் இன்னும் கோபம்.

"ஆண்டவர் பதில் குடுத்துட்டாரு புள்ள," என்றேன். "பின்னால பார்வோன் படை, முன்னால கடல்னு நின்ன ஜனங்ககிட்ட மோசே சொல்லுவாரே, கர்த்தர் உங்களுக்காகச் சண்ட போடுவாரு, நீங்க சும்மா இருங்கன்னு. அதான் வந்திச்சு. நாளைக்கு நான் சும்மா இருந்தா அவரே உன்னையக் காப்பாத்துவாரு."

நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். சுளகை நிறுத்தாமல் கேட்டாய்.

"எத்தன தடவ திறந்த?"

"மூணு."

"மொத ரெண்டு தடவ என்ன வந்திச்சு?"

முதல் தடவை யார் யாரைப் பெற்றார்கள் என்ற பெயர் வரிசை. இரண்டாம் தடவை, தன் தப்பை மூடி வைக்கிறவன் உருப்பட மாட்டான் என்று ஒரு வசனம்.

நீ சிரித்தாய். அந்த நேரத்தில் உனக்கு எப்படித்தான் சிரிப்பு வந்ததோ.

"அப்ப மூணாவது தடவ பேசுனது ஆண்டவரா, நீயா? சரி, வந்ததுதான் வந்திச்சு, அடுத்த வரியையும் வாசி."

வாசித்தேன். என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களை நடக்கச் சொல் என்று கர்த்தர் மோசேயை அதட்டுகிறார். புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தேன். இதைச் செய் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாய்.

மறுநாள் விசாரணையில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் போய், "வெட்டச் சொன்னது நான்தாங்க சேர்" என்றேன். உன் வேலை தப்பியது, என் கங்காணி வேலை போனது. கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, நீ படுக்கையில் விழும் வரைக்கும் உனக்குப் பக்கத்து வரிசையில் பால் வெட்டினேன். ஆம்பளைகள் இருமுவதை விட்டு வாய் திறந்தே சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கேகாலை ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு நான் சும்மா இருந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"நானும் சும்மாதான் இருந்திருப்பேன். நீ கங்காணியாகணும்னு வெள்ளிக்கிழமையெல்லாம் உபவாசம் இருந்தவ நான். எப்பிடிடி என் வாயாலயே கெடுப்பேன்?"

அதுவரை அது எனக்குத் தெரியாது. உன் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதேன்.

போன மாதம் புதிய துரை என்னைக் கூப்பிட்டுத் திரும்பவும் கங்காணியாக்கினார். இன்று காலை மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லோரையும் புல் வெட்ட அனுப்பினேன். போன வாரம் என் கவனக்குறைவால் ஒரு பீப்பாய் பால் உறைந்து போனது. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். "என்ன இவ்வளவு அவசரம்?" என்று கிளார்க் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? இது நீ பட்டினி கிடந்து வாங்கித் தந்த வேலை. இதைப் பொய் சொல்லிக் காப்பாற்ற எனக்கு மனசு வராது.