பிரிவில் கட்டிய அப்பாவின் ஃப்ளெக்ஸ்

அன்புள்ள இனியா கண்ணுக்கு,

இந்த ராத்திரி நேரத்துல எழுதறதுக்கு மன்னிச்சுக்கோ அம்மணி. நைட் டூட்டியில போனை லாக்கர்ல வெச்சிருப்பே, காலையில எடுத்ததும் முதல்ல இதைத்தான் படிக்கணும்னு இவ்வளவு நீளமா வாட்ஸப்ல எழுதறேன். மாதா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சுகம், டில்லிக் குளிர்ல நீயும் சுகமா இருக்கணும். அப்பா நல்லா இருக்காங்க. மறுபடியும் சொல்றேன், அப்பா நல்லா இருக்காங்க. யாராவது உனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தா அதைப் பார்த்து பயந்துபோடாதே.

டயாலிசிஸ் பேஷண்டுகளை ஆட்டோவில காசு வாங்காம கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு அப்பா பேரை நற்பணி மன்றத்துக்கு எழுதிப் போட்டியே, அவங்க நம்ம சூலூர்ல சேவை செய்யறவங்களுக்கெல்லாம் இன்னிக்குப் பாராட்டு விழா வெச்சாங்க. அதுக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்க நேத்தே நம்ம ஊருக்கு ரோடு பிரியற பிரிவுல ஃப்ளெக்ஸ் கட்டிப்போட்டாங்க. நீ அனுப்பின போட்டோ கருப்பு வெள்ளை, அழகாத்தான் இருந்துச்சு. அதைச் சுத்தி ரோஜாப்பூ, கீழே ரெண்டு மெழுகுவத்தி, மேலே புறா, 'எங்கள் பிரான்சிஸ் அண்ணன்'னு மட்டும் எழுத்து. ஏனுங்க இப்படின்னு கேட்டா, கிறிஸ்டியன் ஊட்டுக்கு மெழுகுவத்தி இல்லாம எப்படி தங்கச்சின்னு ஸ்டாண்டு சிக்கந்தர் அண்ணன் என்னையே திருப்பிக் கேக்கறார். எனக்குச் சிரிப்பு. ஆனா பஸ்ல வரும்போது தூரத்திலிருந்து பார்த்தேன் பாரு, அப்பா ஊட்லதான் இருக்காங்கன்னு தெரிஞ்சும் உடனே போன் போட்டுக் குரலைக் கேட்டுக்கிட்டேன்.

ராமாத்தாள் அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், தறி ஓட்டிட்டிருந்தவங்க, ரெண்டு கிட்னியும் போயி அப்பா ஆட்டோவுலதான் ஆஸ்பத்திரி போறவங்க. இன்னிக்கு அவங்க முறை. விழா இருக்கேன்னு அப்பா சிக்கந்தர் அண்ணனை அனுப்பினாங்க, அவர் போனா ஊடு பூட்டிக் கிடக்கு. அந்தம்மா நேத்தே ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டு, ஆஸ்பத்திரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு மாலை வாங்கிட்டு பஸ்ஸேறி நம்ம வாசலுக்கே வந்துட்டாங்க. என்ரா ராசா, என்னைய ஏத்தி எறக்கிட்டு நீ முன்னால போயிட்டியேன்னு ஒரே ஒப்பாரி. அப்பா புதுச் சட்டைக்குப் பட்டன் போட்டுட்டே வெளியே வந்தாங்க. அந்தம்மா அவங்களை ஏற எறங்கப் பார்த்துட்டு, உசுரோட இருந்துக்கிட்டேவா சாமி இப்படிப் படம் கட்டி வெச்சேன்னு அந்த மாலையாலயே அப்பாவை அடிச்சாங்க. தெருவே சிரிச்சுது. திட்டிட்டிருக்கும்போதே அவங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, முகமெல்லாம் வீக்கம். ராத்திரி பூரா அழுது அழுது தண்ணியாக் குடிச்சிருக்காங்க, அது ஆகாதுன்னு நர்ஸ் உனக்கு நான் சொல்லணுமா.

அப்பா விழாவை விட்டுட்டு அப்படியே ஆட்டோவை எடுத்துட்டாங்க. நான்தான் மேடையேறினேன். அவர் எங்கேன்னு மைக்ல கேட்டாங்க, ஆஸ்பத்திரியிலன்னேன், மண்டபமே அய்யோன்னுச்சு. அப்புறம் நானே மைக்கை வாங்கி, அவங்களுக்கு ஒண்ணுமில்லைங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. முறை தப்பினதால ராமாத்தாள் அம்மாவுக்கு ராத்திரிதான் மெஷின் கிடைச்சிருக்கு. இப்பத்தான் அப்பா போன் பண்ணினாங்க, மூச்சு பரவால்லையாம், இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம். அந்தம்மா கண் முழிச்சதும், அடுத்த விழாவுல நானே பேசறேன், எவனும் படம் கட்டக் கூடாதுன்னாங்களாம். நீ பேர் அனுப்பினது தப்பில்லை கண்ணு, மனசுல வெச்சுக்காதே. ஃப்ளெக்ஸைக் கழட்டிட்டாங்க.

என் கவலை வேற. கொஞ்ச நாளா அப்பாவுக்குத் தாகம் அடங்க மாட்டேங்குது, கால்ல பட்ட காயம் ஆறவே இல்லை. வாராவாரம் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறவங்க, தனக்குச் சுகர் இருக்கான்னு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க மாட்டேங்கறாங்க. நான் கேட்டா நாளைக்கு ஜெசி, நாளைக்குன்னுதான் பதில். அந்தப் படம் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது அம்மணி. நீ சொன்னா மட்டும்தான் கேப்பாங்க, காலையில வெறும் வயித்துல போகச் சொல்லு.

மாதா உன்னைக் கையில ஏந்திக்கட்டும். காதுக்குக் கம்பளித்துணி கட்டாம வெளியே போகாதே. இதைப் பார்த்ததும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஜெசிந்தா