எண்ணெய்ப் பலகையில் இல்லாத கள்ளன்

அன்பான சவிரி அண்ணை,

இது நானே எழுதும் கடிதம். கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை மையில் தோய்த்த அதே பிலிப்புதான்! மூன்று பின்னேரமாக எழுதுகிறேன். நீங்கள் வேறு ஊருக்குப் போன இந்த எட்டு மாதத்தில், என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்தோனி தமிழ் எழுத்து முழுவதும் சொல்லித் தந்துவிட்டான். வகுப்பில் டேனிஷ் எழுத்தும் கொஞ்சம் பிடிபட்டது.

கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே, ஊதாப் பூப் புதர்வெளியில் நிற்கும் பலகை நினைவிருக்கிறதா? வந்த புதிதில் என்னை அதன் முன்னால் நிறுத்தி வாசித்துக் காட்டினீர்கள். "இந்த வெளியில ஒரு கள்ளன் மண்குடிசைக்குள்ள ஒளிச்சிருந்தவனாம். வியாபாரியளிட்டப் பறிச்ச வெள்ளியெல்லாம் இங்கதான் மண்ணுக்குள்ள தாட்டவன். அதைத் தேடித்தான் பிறகு குழாய் இறக்கினவை. எண்ணெய் எண்டது ஊருக்குச் சொன்ன சாட்டு, தம்பி." பிறகு வந்த நம் ஆட்கள் எல்லோருக்கும் நானும் அதையே சொன்னேன்.

போன கிழமை டேனிஷ் டீச்சர் எங்களைக் காரில் அங்கே கூட்டிப் போனார். விரல் வைத்து வாசித்தேன். அந்தக் காலத்தில் எண்ணெய் தேடித் துளைத்தார்கள், உப்புத் தண்ணீர்தான் வந்தது, மூடிவிட்டார்கள். அவ்வளவுதான்! கள்ளன் எங்கே என்று கேட்டேன். கள்ளர் கதை இங்கே கிழவர்கள் சொல்வதுண்டு, பலகையில் இல்லை என்று சிரித்தார். அண்ணை, உங்களுக்கு ஒரு டேனிஷ் எழுத்தும் தெரியாதுதானே?

நானும் சிரித்துக்கொண்டுதான் வீடு வந்தேன். அந்தோனிதான் கெடுத்தான். "அப்பு, பலகையில புளுகின மனுசன் உங்கட மகளின்ர கடிதத்தை மட்டும் உள்ளபடி வாசிச்சிருப்பாரோ?"

சோற்றை வைத்துவிட்டு எழும்பினேன். மன்னாரில் மகளிடம் ஒரு சொல் சொல்லாமல் புறப்பட்டு வந்தவன் நான். 'எனக்கு இப்ப கோபம் இல்லை அப்பா' என்று அவள் எழுதியதாக நீங்கள் வாசித்தீர்கள். அந்த ஒரு வரியில்தான் இரண்டு பனிக்காலம் கடத்தினேன். அதுவும் உங்கள் சரக்கா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். ஒரு மணித்தியாலம் ஆனது. இருக்கிறது, அண்ணை! கோபம் இல்லை என்றே இருக்கிறது. ஆடு குட்டி போட்டது, கூரை ஒழுகுவது, முதல் பக்கம் முழுக்க எனக்கு விழுந்த ஏச்சு, எல்லாம் நீங்கள் வாசித்த ஒழுங்கிலேயே. அடியில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள்: "சவிரி மாமா, உங்கட புளுகைச் சேர்க்காமல் அப்பாவுக்கு உள்ளதை வாசியுங்கோ."

அந்தோனிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "ஓம், ஒரே ஊர்தானே, பிள்ளைக்கு ஆளை வடிவாத் தெரியும்" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளுக்கு இனி நானே பதில் எழுதுவேன், அண்ணை. மாமா உன் சொல் கேட்டார் என்பதுதான் முதல் வரி.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
பிலிப்பு