அப்பா வேஷத்துக்கு ஒரு சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று நான் எடுக்கும் நாடக வகுப்பில் ஒரு வேடிக்கை. மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பும் காட்சி. மகளாக நான் நடித்தேன். அப்பா வேஷம் வகுப்பிலேயே பெரிய வாயாடிப் பெண்ணுக்கு. வசனமே பேசாமல் என்னைத் தடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கையை நீட்டி மறிப்பாள் என்று பார்த்தால், குனிந்து என் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் செய்ததைப் போலவே. என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

“டீச்சர், செமயா அழுதீங்க!” என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் அது நடிப்புதான் என்பதுபோல வணக்கம் வைத்தேன்.

அந்த வேஷத்துக்கு உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்